கண்மாய்க் கரையிலிருந்து ஓர் ஆய்வு விண்ணப்பம்: ஃபெல்லோஷிப் தேடும் தம்பி தங்கைகளுக்கு

கடந்த நான்கு ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வரும். "அக்கா, நாளைக்குக் கடைசி நாள், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." திறந்தால் முதல் வரி இப்படி இருக்கும்: "பண்டைக் காலம் தொட்டே தமிழர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்து வந்தனர்." இரண்டாவது வரி: "ஆனால் இன்று அந்த மரபறிவு அழிந்து வருகிறது." இந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடு என்பதுதான் நான் முதலில் சொல்லும் பதில். தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரே நாளில் அறுபது, எழுபது விண்ணப்பங்களைப் பார்க்கிறார். அத்தனையும் அதே வரியில் தொடங்கினால் எதை அவர் நினைவில் வைத்துக்கொள்வார்?

நானும் அப்படித்தான் எழுதினேன். 2016-இல் நான் அனுப்பிய முதல் முன்மொழிவின் தலைப்பு "தமிழகத்தில் மரபுவழி நீர் மேலாண்மை: ஒரு சமூகவியல் பார்வை". இருபத்திரண்டு பக்கம். கல்லணை இருந்தது, சங்க இலக்கியம் இருந்தது, சோழர் கல்வெட்டு இருந்தது. எங்கள் ஊர்க் கண்மாய் மட்டும் இல்லை. "ஆய்வுப் பரப்பு தெளிவாக இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அழுதேன். ஆனால் அவர்கள் சொன்னது சரி. தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று ஏறக்குறைய 39,000 நீர்நிலைகள் உள்ளன. ஒரு ஆள் மூன்று, நான்கு ஆண்டுகளில் அவற்றைப் பற்றி என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

அடுத்த ஆண்டு அனுப்பியதில் மூன்றே கண்மாய்கள் இருந்தன. சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்ததில் போய் விழுகிற மூன்று கண்மாய்கள். கேள்வியும் ஒன்றுதான். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று 2000-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உருவாயின. தலைவர், தேர்தல், பதிவேடு எல்லாம் உண்டு. ஊரில் அதற்கு முன்பிருந்தே கிராமக் கூட்டம் இருக்கிறது. இரண்டும் ஒரே கண்மாயின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, வயலுக்கு நீர் விடும் மடையை எந்த நாளில் திறப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? கண்மாயின் போக்கை அறிந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்ப்பாய்ச்சியின் சொல்லுக்கு அந்த முடிவில் என்ன இடம்? அவ்வளவுதான் முன்மொழிவு. ஒன்பது பக்கம். உதவித்தொகை கிடைத்தது.

எனவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், ஒரு கண்மாயையோ ஒரு காட்டையோ ஒரு சங்கத்தையோ தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் தேட வேண்டியது அங்குள்ளவர்கள் சாதாரணமாகப் பேசும்போது பயன்படுத்துகிற, உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை.

எனக்குக் கிடைத்த சொல் "சுதந்திரம்". அறுவடை முடிந்து களத்தில் நெல் குவித்திருக்கும்போது ஒரு பெரியவர், "நீர்ப்பாய்ச்சிக்குச் சுதந்திரம் அளந்தாச்சா?" என்று கேட்டார். நீர் பாய்ச்சியவர், காவல் காத்தவர், வண்ணார், நாவிதர் என ஊருக்கு வேலை செய்தவர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கும் நெல்லுக்குப் பெயர் சுதந்திரம். நான் அந்த ஊரில் பிறந்தவள். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். ஆனாலும் அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. கூலி என்று சொல்லவில்லை, தானம் என்றும் சொல்லவில்லை. உரிமை என்ற பொருளில் ஒரு சொல். அந்த நெல் எப்போது பணமாக மாறியது, பணமான பிறகு அது இன்னும் உரிமையா கூலியா என்ற கேள்வியே பிறகு என் ஆய்வின் மூன்றாம் இயலாக ஆனது. முன்மொழிவின் முதல் பத்தியில் அந்தக் களத்துமேட்டையும் அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதினேன். நேர்முகத்தில் குழுவினர் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரபறிவு பற்றிய முன்மொழிவுகளில் நான் அதிகம் பார்க்கிற குறை, சாதி என்ற சொல்லே இல்லாமல் இருப்பது. எங்கள் பக்கத்தில் நீர்ப்பாய்ச்சி வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்களிடம் இருந்தது. என் அப்பா கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். எழுபது வயது நீர்ப்பாய்ச்சியை எங்கள் தெருப் பிள்ளைகள் பெயர் சொல்லி, "வா, போ" என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நானும் அப்படி அழைத்திருக்கிறேன். கள ஆய்வுக்குப் போன முதல் நாள் "அய்யா, வணக்கம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். அப்பா பக்கத்தில் இருக்கும்வரை அவர் எதையும் சொல்லப் போவதில்லை என்று அப்போது புரிந்தது. அடுத்த நாளிலிருந்து தனியாகப் போனேன், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன், அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மூன்றாவது வாரத்தில்தான் தன் மகன் ஏன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்பதைச் சொன்னார். "அறிவு போயிரும்னு நீங்க கவலப்படுறீங்க. அவன் நிமிந்து நடக்கணும்னு நான் கவலப்படுறேன்." இதைக் கேட்ட பிறகு "மரபறிவு அழிந்து வருகிறது" என்ற வரியை என்னால் எழுத முடியவில்லை.

ஆகவே நீங்கள் யார், அந்த ஊரில் உங்கள் குடும்பம் எங்கே நிற்கிறது, அதனால் யார் உங்களிடம் பேசமாட்டார்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்மொழிவில் ஒரு பத்தி எழுதுங்கள். ஆய்வு முறையியல் என்ற தலைப்பின் கீழ் நேர்காணல், குழு விவாதம், பங்கேற்று உற்றுநோக்கல் என்று அடுக்குவதைவிட அந்த ஒரு பத்திக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் சொற்களின் சிக்கல். ஃபெல்லோஷிப் அறிவிப்புகளில் "பூர்வகுடி அறிவு" என்ற பொருளில் ஒரு சொல் வரும். இந்தியாவில் அதைப் படிக்கும் குழுவினர் பட்டியல் பழங்குடியினரையே நினைப்பார்கள். தமிழ்நாட்டில் 37 பட்டியல் பழங்குடிகள் இருக்கிறார்கள். அவர்களில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேரும் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள். உங்கள் ஆய்வு தேன் எடுக்கும் குறும்பரைப் பற்றியோ பாம்பு பிடிக்கும் இருளரைப் பற்றியோ என்றால் அந்தச் சொல் நேராகப் பொருந்தும். என்னைப் போலக் கண்மாய்ப் பாசனம் என்றால் "உள்ளூர் அறிவு" என்று எழுதுவதுதான் நேர்மை. சொல்லை வளைத்துப் பொருத்தினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

அரசுக்கு வெளியே மக்கள் தாங்களே கூடிச் செயல்படுவதைக் குறிக்கும் "குடிமைச் சமூகம்" என்ற சொல்லும் அப்படித்தான். பலர் அதைத் தொண்டு நிறுவனம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். "உங்கள் ஆய்வில் குடிமைச் சமூகம் எங்கே இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார்கள். நான் மீன்பாசி ஏலத்தைச் சொன்னேன். கண்மாயில் தண்ணீர் வற்றும் காலத்தில் மீன் பிடிக்கும் உரிமையை ஊர் ஏலம் விடுகிறது. அந்தப் பணம் பொதுப்பணம். கோயில் திருவிழாவுக்கும், உபரி நீர் வழியும் கலுங்கைச் சரிசெய்யவும் அதிலிருந்துதான் செலவு. கணக்கு ஒரு நீள நோட்டில் இருக்கிறது, கூட்டத்தில் வாசிக்கிறார்கள், தகராறு வந்தால் அங்கேயே தீர்க்கிறார்கள். பதிவு எண் கிடையாது. பதிவு எண் உள்ள சங்கம் அதே ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை கூடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே என் ஆய்வு என்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு நோட்டு எங்காவது கிடைக்கும், தேடுங்கள். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வணிகம் நின்றுபோனபோது, அதே அறிவை நஞ்சு எடுக்கும் வேலைக்குத் திருப்பிய சங்கம் அது. மரபறிவும் குடிமைச் சமூகமும் ஒரே இடத்தில் சந்திப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. சங்கத்தோடு இணைந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பலரும் படம் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தச் சங்கத்துக்குள் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று கேட்டுக்கொண்டு ஓர் இளம் ஆய்வாளர் போனால் நான் மகிழ்வேன்.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? பெரும்பாலோருக்கு முதல் வாசல் யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை. பலருக்குத் தெரியாத ஒன்று, நெட் பாடப்பட்டியலில் மானிடவியல், சமூகவியல், சமூகப்பணி மட்டுமல்லாமல் நாட்டார் இலக்கியமும் பழங்குடி மொழி இலக்கியமும் தனிப் பாடங்களாக இருக்கின்றன. பழங்குடி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் பழங்குடியினர் நலத்துறை ஆண்டுக்கு 750 பேருக்குத் தனி உதவித்தொகை தருகிறது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்னும் இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குத் தருகிறது. சென்னை அடையாற்றில் 1971 முதல் இயங்கும் எம்.ஐ.டி.எஸ். என்னும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அதன் ஆதரவு பெறும் நிறுவனங்கள் வழியாகவும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்ற பெயரைப் பார்த்து முனைவர் பட்ட உதவித்தொகை என்று நினைத்துவிட வேண்டாம். அது அரசுத் துறைகளோடு சேர்ந்து பணியாற்றும் திட்டம்.

வெளிநாடு என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்திருக்க வேண்டும்; ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் இருக்கலாம். இங்கிலாந்துக்குக் குறுகிய காலம் போய்வர சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள பழைய சென்னை மாகாண ஆவணங்கள் உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே தேவை என்று காட்ட முடிந்தால் மட்டும் அதற்கு எழுதுங்கள். நான் முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பதைப் பார்த்து முடிப்போம் என்று இருந்தேன். அதுவே இரண்டு ஆண்டு வேலையாகிவிட்டது.

ஆவணம் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன உதவி. விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றிரண்டு ஆவணங்களைப் பார்த்துவிட்டேன் என்று காட்டினால் குழுவுக்கு நம்பிக்கை வரும். கிராமக் கணக்குகளில் ஆண்டு, வருவாய்த் துறையின் கணக்காண்டான பசலியில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டுங்கள்; அந்த ஆண்டு ஜூலையில் அந்தப் பசலி தொடங்குகிறது. பசலி 1434 என்றால் 2024 ஜூலை. சிவகங்கையும் இராமநாதபுரமும் 1803 முதல் ஜமீன் பகுதிகளாக இருந்தவை, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே, விவசாயி அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாறியவை. ஆகவே தஞ்சாவூர்க்காரர் தேடும் வகை ஆவணத்தை இங்கே தேடினால் கிடைக்காது. கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம்; எந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும். நீலகிரிப் பழங்குடிகள் பற்றி என்றால் உதகை அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்திலிருந்து தொடங்கலாம். காட்டுக்குள் போக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதிக்கு நேரம் ஒதுக்கி, அதையும் காலத் திட்டத்தில் எழுதுங்கள்.

தகவல் தருவோரிடம் ஒப்புதல் பெறுவது பற்றிய பகுதியை நம் பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 1987-இல் அகத்தியமலைப் பகுதிக்குப் போன விஞ்ஞானிகள், உடன் வந்த காணிக்காரர்கள் என்னும் பழங்குடியினர் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறுவதைப் பார்த்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கிய கேரள ஆய்வு நிறுவனம், உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதாக முடிவு செய்தது. அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகமெங்கும் முன்மாதிரி என்று பேசப்பட்டது. அதே நேரத்தில், சில பேரிடம் மட்டும் கேட்டால் எல்லாக் காணிகளிடமும் கேட்டதாகுமா என்ற கேள்வியும் எழுந்தது. உங்கள் ஆய்விலும் அதே கேள்வி வரும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து நீர்ப்பாய்ச்சியின் ஒப்புதல் ஆகாது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், தங்களிடம் வரும் ஆய்வாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2017-இல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவை அதன் அடிப்படை. விண்ணப்பம் எழுதும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

என் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தவை எல்லாம் மிக எளிமையானவை. ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும். பேசியவர் பிறகு வேண்டாம் என்றால் எப்படி அழிப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதலை வாய்மொழியாக எப்படிப் பதிவு செய்வேன். மூலிகை, மருத்துவம் பற்றி யாராவது சொன்னால் செடியின் பெயரை ஏன் வெளியிடமாட்டேன். பெயரை மாற்றி எழுதினாலும் ஊரில் ஒரே ஒரு நீர்ப்பாய்ச்சிதான் இருக்கிறார் என்றால் அவரை எல்லாருக்கும் தெரிந்துவிடுமே, அதற்கு என்ன செய்வேன். கடைசிக் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. அவரிடமே கேட்டு முடிவு செய்வேன் என்று எழுதினேன்.

பட்ஜெட்டில் பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு, ஜெராக்ஸ், ஒலிப்பதிவுக் கருவி எல்லாரும் எழுதுவார்கள். நான் "தகவல் தருவோருக்கு அரைநாள் கூலி" என்று ஒரு வரி சேர்த்தேன். பணம் கொடுத்தால் தகவல் மாறிவிடாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய சாப்பாடு எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டேன். அந்த வரியை அவர்கள் வெட்டவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். உங்கள் முன்மொழிவு, நீங்கள் செய்த வேலை, கடைசி நாள் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். பெரிய பெயர் கொண்டவர் எழுதும் பொதுவான நான்கு வரியைவிட, உங்களோடு களத்துக்கு வந்த உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம் மேல்.

ஆங்கிலம் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. முன்மொழிவை முதலில் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். என் அம்மா, "அதான் எல்லாருக்கும் தெரியுமே, இதுல என்ன ஆராய்ச்சி?" என்று நிறுத்திய இடத்தையெல்லாம் அடித்தேன். "அப்படியா?" என்று கேட்ட இடங்கள் மிஞ்சின. அதை ஆங்கிலத்தில் ஆக்கியபோது சிறு சிறு வாக்கியங்களாகவே வைத்தேன். மடை, கலுங்கு, சுதந்திரம் ஆகியவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் விளக்கம் கொடுத்தேன்.

கிடைத்த பிறகு ஒன்று. முதல் தவணை எனக்கு ஏழு மாதம் கழித்து வந்தது. இடையில் ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, யாரும் சொல்லவில்லை. அந்த ஏழு மாதமும் டியூஷன் எடுத்துத்தான் களத்துக்குப் போனேன். எனவே கிடைத்த மாதத்திலேயே சேரும் கடிதம், வருகைச் சான்று, வங்கி விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தேதி முத்திரையோடு ஒரு ஃபைலில் வையுங்கள். மாதம் ஒரு முறை நேரில் போய்க் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. கன்டிஞ்சென்சி என்னும் சில்லறைச் செலவுக்கான ரசீதுகளையும் அன்றன்றே ஒட்டிவிடுங்கள். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதும்போது கிராமத்து டீக்கடையில் ரசீது கேட்க முடியாது.

பட்ஜெட்டில் இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் நாற்பது பக்கமாக அச்சடித்து மூன்று ஊர்களுக்கும் கொண்டுபோனேன். அந்தச் செலவு என் கைப்பணம். முதலிலேயே எழுதியிருந்தால் உதவித்தொகையிலிருந்தே கிடைத்திருக்கும். நீர்ப்பாய்ச்சி அய்யாவுக்கு அவர் பேத்தி வாசித்துக் காட்டினாள். மூன்றாவது பக்கத்தில் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெக்கு மடைக்கு எட்டு நாள் இல்ல தாயி, பத்து நாளு. எட்டு நாளுங்கிறது உங்கப்பா சொன்ன கணக்கு." மீதியிருந்த பிரதிகளில் எல்லாம் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். அச்சுச் செலவோடு, இப்படித் திருத்தி மறுபடி அச்சடிக்கும் செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.